அவன் என்றால் மான்

ஓகூஸ்
டென்மார்க், 24 மே 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் எழுதத் துணிந்ததற்கு முதலில் என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். நேரே இருந்து நாலு வசனம் கதைக்கத் தெரியாதவள் இப்போது பேனையோடு வந்திருக்கிறாளே என்று நினைப்பீர்கள். உங்களைப் பார்க்க எங்களுக்கு இன்னும் அனுமதி கிடைக்கவில்லை. கடிதம் போடலாம் என்று உங்கள் வக்கீல் சொன்னார். அம்மாவும் அப்பாவும் உடம்பளவில் சுகம். உங்களுக்கு நித்திரை வருகிறதா என்று அம்மா கேட்கச் சொன்னா.

பதினாறாம் திகதி, வேட்டைக்காலம் திறந்த அந்தக் காலையில், நீங்கள் அம்மாவுக்கு ரெலிபோன் எடுத்துச் சொன்ன வசனம் என் காதை விட்டுப் போகவில்லை. "அம்மா, ஜெனிஸ்ரனிலை பட்டிட்டுது." குண்டு, உங்களோடு வேட்டைக்கு வந்த ஜெனிஸ்ரன் அண்ணாவின் நெஞ்சுக்குள்ளால் போய், முதுகில் ஒரு கை நுழையும் அளவு வழி எடுத்து வெளியே வந்ததாம். பொலிஸ்காரி தன் கையை மடித்து அளவு காட்டினாள்.

அவளோடு ஒரு மொழிபெயர்ப்பாளரும் வந்திருந்தார். அப்பாவின் வயதிருக்கும், யாழ்ப்பாணத்து ஆள். என் ரெலிபோனை மேசையில் வைத்து, முதல் நாள் மாலை நீங்கள் எனக்கு அனுப்பிய செய்தியைக் காட்டினார்கள். "விடிய அவனைப் போடுறன்." அதற்குக் கீழே, பதிலாக நான் போட்ட பெருவிரல் படம்.

"அவன் எண்டால் ஆர், தங்கச்சி?"

"மான்."

"மானை 'அது' எண்டுதானே தமிழிலை சொல்லுறது? 'அவன்' எண்டால் ஆம்பிளை. 'போடுறது' எண்டால் எங்கட காலத்திலை என்ன எண்டு உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

"எங்கட வீட்டிலை அவன் எண்டால் மான்."

வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக நான் கதைத்ததில்லை. அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

அன்று பின்னேரம் அப்பா கீழறைக்குச் சுத்தியலோடு இறங்கினார். சுவரில் நீங்கள் மாட்டியிருந்த முப்பத்தொரு சோடி மான்கொம்புகளையும் ஒவ்வொன்றாக அடித்தார். எலும்புத் துண்டொன்று தெறித்து நெற்றியை வெட்டியது. இரத்தம் கண்ணுக்குள் ஓட ஓட அடித்தார். "ஒண்டுதான், ஒண்டுதான், உனக்கு எப்பவும் இந்த ஒண்டுதான்" என்று ஒவ்வோர் அடிக்கும் சொன்னார். அம்மா படியில் நின்று எண்ணிக்கொண்டிருந்தா. ஏன் எண்ணினா என்று தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை,
கஜந்தி


ஓகூஸ்
13 யூன் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

என் முதல் கடிதம் உங்களிடம் வராமலே திரும்பி வந்துவிட்டது. வழக்கைப் பற்றி ஒரு சொல்லும் எழுதக்கூடாது என்று ஒரு துண்டு வைத்திருந்தார்கள். டெனிஷில் எழுதினால் இரண்டு நாளில் கிடைக்குமாம். தமிழென்றால் மொழிபெயர்ப்பாளர் வாசித்த பிறகுதான், மூன்று கிழமையாகும். இருந்தாலும் தமிழில்தான் எழுதுகிறேன். டெனிஷில் எழுதினால் நகரசபை அலுவலகத்தில் நான் எழுதும் கடிதம்போல வந்துவிடுகிறது.

ஆகவே சும்மா விஷயங்கள். செவ்வாயில் ஓடுகிறேன், வியாழனில் பட்மின்ரன், ஞாயிறு காலை கடலில் குளிக்கும் பெண்களோடு போகிறேன். தண்ணீர் இன்னும் பதினான்கு பாகைதான். ஒன்றிலும் நான் கெட்டிக்காரி இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

கோல்டிங் வீட்டின் முன் யன்னலுக்கு யாரோ கல்லெறிந்தார்கள். யார், ஏன் என்று எழுதக்கூடாது. கண்ணாடி உடைந்தது என்று எழுதலாம்தானே. அம்மா வெறுங்காலோடு ஓடிவந்து மிதித்துவிட்டா. ஆறு தையல். இப்போது நடக்கிறா.

உங்கள் சுகத்தை எழுதுங்கள்.

கஜந்தி


2 யூலை 2025

அன்புத் தங்கைக்கு,

அம்மாவின் கால் எப்படி? அப்பா மருந்து போடுகிறாரா? எனக்குச் சுகம். ஒரு பல் இல்லை, அவ்வளவுதான்.

ஒரு நாளில் ஒரு மணித்தியாலம் வெளியே விடுகிறார்கள். நாலு பக்கமும் மதில், மேலே கம்பிவலை. உள்ளே ஒரு மேசைப்பந்து மேசை, பாரம் தூக்க ஓர் அறை, சமையல் வகுப்பு, கிற்றார் வகுப்பு. நீ வந்தால் ஆறு மாதத்தில் எல்லாம் பழகிவிடுவாய். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி, மிக்சர் கஜந்தி. எல்லாவற்றிலும் ஒரு பிடி.

ஒருவன் மேசைப்பந்துக்கு வரச்சொல்லி மட்டையால் என் தோளில் தட்டினான். வேண்டாமென்றேன். திரும்பத் தட்டினான். மூன்றாவது முறை முகத்தில் அடித்தான், பல் போனது. நான் ஒரு முறைதான் அடித்தேன். அவனுடைய தாடை இரண்டாகிவிட்டதாம். பிறகு யாரும் என்னை விளையாடக் கூப்பிடவில்லை.

அவர்கள் எல்லாம் நேரம் போக்குகிறார்கள், கஜந்தி. நான் பதினொரு வருடம் நேரம் போக்கவில்லை. ஒரு விஷயத்தைப் பார்த்தேன். இங்கேயும் வலைக்கு மேலே போகும் பருந்தைப் பார்க்கிறேன். வேறு ஒன்றும் பார்ப்பதில்லை.

அம்மாவுக்குச் சொல்லு, சோறு தருகிறார்கள் என்று.

அண்ணா


ஓகூஸ்
21 யூலை 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

பல் போன இடத்தை உப்புத் தண்ணீரால் கொப்பளியுங்கள். அம்மாவின் தையலை வெட்டிவிட்டார்கள். அப்பாவின் நெற்றிக் காயமும் ஆறிவிட்டது. அது எப்படி வந்ததென்று நேரில் சொல்கிறேன்.

மிக்சர் என்ற பெயருக்காக இத்தனை வயதில் முதல் முறையாகக் கோபப்படுகிறேன். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளி, வயலின், பட்மின்ரன், நீச்சல் என்று அப்பா எங்கள் இருவரையும்தான் காரில் ஏற்றினார். "எல்லாத்திலையும் கொஞ்சம் தெரிஞ்சிருக்கோணும், பிள்ளையள். அப்பத்தான் இந்தச் சனத்துக்கு முன்னாலை வாய் திறக்கலாம்." எனக்கு அப்படியும் வாய் திறக்க வரவில்லை. ஆனால் ஒன்று பிழைத்தால் இன்னொன்று இருந்தது.

நீங்கள் பதினைந்து வயதில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் காட்டுக்குப் போனீர்கள். அன்று அப்பா உங்களைப் பட்மின்ரன் மட்டையால் அடித்தார். மட்டை முறிந்தது. முறிந்த பிடியாலும் அடித்தார். நீங்கள் அழவில்லை. மட்டையின் நரம்புகள் உங்கள் முதுகில் கட்டம் கட்டமாகப் பதிந்திருந்தன. குனிந்து சப்பாத்தைக் கட்டிக்கொண்டு திரும்பவும் காட்டுக்குப் போனீர்கள். அன்று எனக்கு உங்களில்தான் பெருமையாக இருந்தது. அதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

எனக்குப் பதினாலு வயதில் என்னையும் கூட்டிப்போனீர்கள், ஞாபகமா? கார் அடித்துப் பின்னங்கால்கள் இரண்டும் சிதைந்த பெண் மான் தெருவோரப் பள்ளத்தில் கிடந்தது. குழந்தை மாதிரிக் கத்தியது. நீங்கள் அதன் தலையை முழங்காலால் அமத்தி, கண்ணைப் பார்த்தபடியே கத்தியை இறக்கினீர்கள். சத்தம் அறுந்துபோனது. என் சப்பாத்தில் சூடாக ஏதோ ஊற்றியது. நான் அழுதபோது சொன்னீர்கள்: "பாவம் பார்த்தால் ரெண்டு தரம் குத்தவேண்டிவரும்."

அந்த வசனத்தை இப்போது அடிக்கடி நினைக்கிறேன். ஏனென்று கேட்காதீர்கள்.

சாப்பிடுங்கள்.

கஜந்தி


12 ஓகஸ்ட் 2025

அன்புத் தங்கைக்கு,

நீங்கள் மூவரும் சுகம் என்று அறிந்து ஆறுதல். நான் சுகம்.

மானைப் பற்றி எழுதலாம் என்றுதான் நினைக்கிறேன். கிழவரைப் பற்றி எழுதுகிறேன். ஒன்பது வயதிருக்கும். இடது கொம்பில் மூன்று கிளை, வலதில் ஒன்று முறிந்தது. இரண்டு வருடம் அவரைப் பார்த்தேன். மழையிலும் பனியிலும், மரத்தோடு சாத்திய அந்த ஏணி இருக்கையில் இருந்து பார்த்தேன். அவர் எந்த நேரம் எழும்புவார், எந்த மரத்தில் கொம்பு தேய்ப்பார், காற்று எந்தப் பக்கம் இருந்தால் எங்கே படுப்பார் எல்லாம் எனக்குத் தெரியும். மே மாதத்தில் அவர் வெட்டவெளிக்கு வருவதே இல்லை. மேற்குப் பக்கப் பைன் மரங்களுக்குள் நிற்பார். வெட்டவெளியில் மேய்வதெல்லாம் குட்டிகளும் விசரன்களும்.

உன்னைப் போன்றவர்கள் பத்து விஷயத்தை மேய்கிறீர்கள். ஒன்றையும் பார்ப்பதில்லை. நான் ஒன்றைப் பார்த்தேன். அதனால்தான் முப்பத்தொரு மானுக்கு முப்பத்தொரு குண்டு. முப்பத்திரண்டாவது குண்டு எனக்குத் தேவைப்பட்டதே இல்லை. கூட்டாக நிலம் எடுத்துவிட்டு, கோடையில் கயாக் படகு, குளிர்காலத்தில் தேவாலயத்தில் கிற்றார், இடையில் இரண்டு நாள் துவக்கு என்று வருகிறவர்களுக்கு இது விளங்காது.

இதை மொழிபெயர்ப்பாளர் விடுவாரோ தெரியாது. அவரும் ஏதாவது ஒன்றையாவது ஒழுங்காகத் தெரிந்தவராக இருந்தால் விடுவார்.

அப்பாவிடம் என் கீழறையைப் பூட்டிவைக்கச் சொல்.

அண்ணா


20 செப்ரெம்பர் 2025

கஜந்தி,

என் கடிதம் கிடைத்ததா? மூன்று கிழமை மொழிபெயர்ப்பாளருக்கு. அதற்கு மேல் எதற்கு? உனக்குச் சுகமில்லையா? அம்மா பார்க்க வந்தபோது உன்னைப் பற்றிக் கேட்டேன். "அவள் சுகம், வேலை கூடிப்போச்சு" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்த காவலரைப் பார்த்தா.

நேற்று என் அறைக் கண்ணாடியைக் கையால் அடித்தேன். காரணம் இல்லை. எலும்பு முறியவில்லை. இடது கையால் எழுதுவதால் எழுத்து இப்படி.

ஒரு வரியாவது போடு.

அண்ணா


ஓகூஸ்
28 செப்ரெம்பர் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் இந்த முறை ஒரு கிழமையிலேயே வந்துவிட்டது. கையைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் சுகம்.

ஓகஸ்ட் கடைசியில் என் ரெலிபோனைத் திருப்பித் தந்தார்கள்.

ஓடுவதை நிறுத்திவிட்டேன். கடலுக்கும் போவதில்லை. அலுவலகம் முடிந்து வந்தால் ஒரே ஒரு விஷயத்தைத்தான் செய்கிறேன். நீங்கள் சந்தோஷப்படுவீர்கள்.

போன சனி கோல்டிங்கில், தமிழ்க் கடையில் அருள்மலரைக் கண்டேன். ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒரே வாங்கில் இருந்த சிநேகிதியைக் கண்டு அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளியப் பார்த்தேன். அவள் வந்து என்னை அடித்தாள். கன்னத்தில், பிறகு கழுத்தில், பிறகு கையில் இருந்த தேங்காய்ப்பால் ரின்னால் வாயில். கடைக்காரர் பிடித்து இழுத்தார். நான் கையைத் தூக்கவில்லை. உதட்டில் மூன்று தையல். அவள் சொன்ன ஒரு வசனத்தை இங்கே எழுத எனக்கு அனுமதி இல்லை.

அம்மாவின் கால் குளிருக்கு நோகிறதாம். மற்றபடி எல்லோரும் சுகம்.

கஜந்தி


14 ஒக்டோபர் 2025

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் இந்த முறை வேகமாக வந்தது. உதடு ஆறிவிட்டதா? அவளை நீ திருப்பி அடித்திருக்க வேண்டும். நீ சின்னனிலிருந்தே இப்படித்தான்.

போன கிழமை நான் எழுதிய கடிதத்தை நிறுத்திவிட்டார்கள். அதனால் இது சுருக்கம். அந்த ஒரே ஒரு விஷயம் என்ன? என்ன செய்கிறாய்? வாசிக்கிறாயா?

நவம்பர் பதினெட்டு என்று வக்கீல் சொன்னார். நீ வருகிறாய் என்றும் சொன்னார். அதற்குமேல் எழுதினால் இதுவும் நின்றுவிடும். நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு வா. சத்தமாகக் கதை. மூன்று சொல்தானே.

கிழவர் இந்தக் குளிரையும் தாண்டிவிடுவார் என்று நினைக்கிறேன்.

அண்ணா


ஓகூஸ்
22 ஒக்டோபர் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் சுகமாக இருக்கவேண்டும் என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதினேன். எல்லா முறையும் உண்மையாகத்தான் எழுதினேன்.

இந்தக் கடிதம் உங்களிடம் நேரே வராது. கோப்புக்குள் போகும். கோப்பை உங்கள் வக்கீல் பார்ப்பார், அவர் வழியாக உங்களிடம் வரும். அதைத் தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

வாசிக்கிறாயா என்று கேட்டிருந்தீர்கள். ஓம். நீங்கள் இரண்டு வருடமாக எனக்கு அனுப்பிய செய்திகளை வாசித்தேன். பொலிஸ் அந்த ஒரு கிழமைச் செய்திகளை மட்டும்தான் மொழிபெயர்த்தது. நான் எல்லாவற்றையும் எடுத்தேன். மானைப் பற்றி இருநூற்றுப் பன்னிரண்டு. நீங்கள் எங்காவது ஒரு இடத்தில் அதை 'அவன்' என்று சொல்லியிருப்பீர்கள், அதைக் காட்டினால் நான் சொன்னது பொய்யில்லை என்று ஆகிவிடும் என்று தேடினேன்.

"கிழவர் வந்தவர்." "இண்டைக்கும் கிழவர் என்னை ஏமாத்திப்போட்டார்." "கிழவற்றை கொம்பு முறிஞ்சிட்டுது, ஆரோடை சண்டை பிடிச்சாரோ." "அவருக்குக் காய்ச்சல் மாதிரிக் கிடக்கு." இருநூற்றுப் பன்னிரண்டிலும் அவர், அவர், அவர். அம்மாவுக்குக்கூட நீங்கள் அவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை. அப்பாவைப் பற்றி எழுதும்போது 'மனுசன்' என்பீர்கள். மானுக்கு 'அவர்'. ஒரு முறைகூடத் தவறவில்லை. நீங்கள் எதிலும் தவறுகிறவர் இல்லை.

மே பதினைந்தாம் திகதி மாலை மட்டும் 'அவனை'.

அந்த மாலை எங்கள் வீட்டில் நானும் இருந்தேன். வடைத் தட்டோடு நின்றேன். ஜெனிஸ்ரன் அண்ணா கதிரையில் சாய்ந்து இருந்துகொண்டு சிரித்தார். "மச்சான், நீ ரெண்டு வருசமாய்ப் பாத்துக்கொண்டே இரு. நாளைக்கு விடிய நான் வந்து, அந்தக் கிழவனைத் தட்டிப்போட்டு, பத்து மணிக்குக் கயாக்குக்குப் போயிடுவன்." அப்பா சிரித்தார், அம்மா சிரித்தா, நானும் சிரித்தேன். நீங்கள் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தீர்கள்.

"கிழவர் எண்டு சொல்லடா."

"சரி ஐயா, கிழவர்! கிழவருக்கு ஒரு கும்பிடு, ஒரு வெடி!"

சிரிப்பு இன்னும் கூடியது. நீங்கள் கீழறைக்கு இறங்கிப் போனீர்கள். ஒரு மணித்தியாலத்தில் எனக்குச் செய்தி வந்தது. நான் வாசித்தேன். 'அவனை' என்ற சொல்லில் என் கண் ஒரு கணம் நின்றது, அண்ணா. அது இதுவரை யாரிடமும் சொல்லாதது. நின்றது. பிறகு, வெட்கத்தில் எல்லோருக்கும் செய்வதுபோல, ஒரு பெருவிரலைப் போட்டுவிட்டுத் தட்டுக் கழுவப் போனேன். அப்போதே படியிறங்கி வந்து "ஆரை, அண்ணா?" என்று கேட்டிருந்தால் ஒரு சொல்லோடு போயிருக்கும். எனக்கு வாய் வரவில்லை.

தன் புருஷனைப் பற்றி அருள்மலர் கடையில் சொன்ன வசனம் இது: "அவற்றை தலையிலை செம்மஞ்சள் தொப்பி. நான் வாங்கிக் குடுத்தது. மான் தொப்பி போடுமோடி?"

விடிகாலை அரைவெளிச்சம், அசைந்த எதையோ மான் என்று நினைத்துவிட்டான் என்று வக்கீல் சொல்லப்போகிறார். ஜெனிஸ்ரன் அண்ணாவின் கையில் துவக்கு இருந்து, உங்களில் பட்டிருந்தால் அதை நம்பியிருப்பேன். நான் சுட்டிருந்தாலும் நம்பலாம். பத்து விஷயத்தில் ஒரு பிடி தெரிந்த மிக்சர்களுக்குக் கை தவறும், கண் தவறும். ஜெனிஸ்ரன் அண்ணா விழுந்தது வெட்டவெளியில். மே மாதம் கிழவர் வெட்டவெளிக்கு வருவதே இல்லை என்று தெரிந்தவருக்கு எப்படித் தவறும்? அதை நீங்களே எனக்கு எழுதினீர்கள். மொழிபெயர்ப்பாளரும் அதை விட்டுவிட்டார். அவருக்குத் தமிழ் தெரியும், மான் தெரியாது. நான் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் அறிந்தவள்.

உடன்பிறந்தவள் என்பதால் சாட்சி சொல்லாமலே இருக்க எனக்கு உரிமை இருக்கிறது. அம்மாவிடம் செய்திகளைக் காட்டினேன். முழுக்க வாசித்தா. பிறகு தையல் போட்டிருந்த என் உதட்டை விரலால் அமத்திப் பிடித்தா. தையல் பிரிந்து இரத்தம் வந்தது, அப்போதும் விடவில்லை. "அழிச்சுப்போடு, பிள்ளை. 'அவன் எண்டால் மான்' எண்டு சொல்லிப்போட்டு வா. மூண்டு சொல்தானே." உங்கள் கடிதத்திலும் அதே மூன்று சொல். நான் அழிக்கவில்லை. ரெலிபோன் இப்போது பொலிஸிடம் இருக்கிறது. நானாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இதை முதலில் வாசிக்கும் ஐயாவுக்கும் ஒரு வரி. அன்று உங்களைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னது பொய், ஐயா. எங்கள் வீட்டிலும் அவன் என்றால் மனிதன்தான். மன்னித்துக்கொள்ளுங்கள்.

அண்ணா, குளிருக்கு அம்மா பின்னிய கம்பளிச் சட்டையை அனுப்பியிருக்கிறேன். கை ஆறும்வரை எதையும் அடிக்காதீர்கள்.

உங்கள் தங்கை,
கஜந்தி

பெயரைப் போட்டு முடித்த பிறகுதான், எழுத வந்ததைக் கேட்க எனக்குத் துணிவு வருகிறது. பதினெட்டாம் திகதி நீதிமன்றத்தில் முதலில் உங்களைத்தான் கேட்பார்கள். அதற்குப் பிறகுதான் என்னுடைய பெயர். முன்வரிசையில் அருள்மலர் இருப்பாள். பாவம் பார்த்தால் இரண்டு தரம் குத்தவேண்டிவரும் என்று சொன்னவர் நீங்கள். என்னைச் சாட்சிக்கு எழும்ப விடாதேங்கோ, அண்ணா. நீங்களே சொல்லிப்போடுங்கோ.